ஜனாதிபதியை இறக்க மாநில சட்டசபையால் முடியுமா?

(அரசியல் பயிலரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற அமர்வு முடிந்து தேநீர் இடைவேளையில் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். “பாய், ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பதில் நம்முடைய எம்.எல்.ஏ.க்களும் ஓட்டுப் போடுகிறார்கள். அப்படியானால் அவர் தவறு செய்யும்போது இறக்குவதற்கும் சட்டசபைக்கு உரிமை இருக்க வேண்டுமே! எல்லா மாநிலங்களும் சேர்ந்து ஒரு தீர்மானம் போட்டால் போதாதா?” என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை 200 ஆண்டுகளுக்கு முன்பே பெரிய பெரிய சட்ட மேதைகள் கேட்டிருக்கிறார்கள்.

பதிலை ஒரே வரியில் சொல்லிவிடலாம். சட்டப்படி முடியாது. ஆனால் அந்த ஒரு வரியோடு நின்றுவிட்டால் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். கையில் சாவி இல்லாதவனும் கதவைத் தட்டலாம். அந்தத் தட்டல் சில நேரம் வீட்டுக்காரனை எழுப்பியிருக்கிறது. பல நேரம் காற்றோடு போயிருக்கிறது. எப்போது எழுப்பியது, எப்போது காற்றோடு போனது என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

இந்தக் கேள்வி அதிகமாக அலசப்பட்ட நாடு அமெரிக்கா. ஆகவே அங்கே தொடங்கி, 2008ல் பாகிஸ்தானில் நடந்ததைப் பார்த்துவிட்டு, நம் நாட்டுக்கு வந்து முடிக்கிறேன்.

குற்றம் சாட்டுவது வேறு, நீக்குவது வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘இம்பீச்மெண்ட்’ என்றால் பதவி நீக்கம் என்று பத்திரிகைகளில் எழுதிவிடுகிறார்கள். அமெரிக்காவில் அதன் பொருள் குற்றம் சாட்டுவது மட்டுமே. அந்நாட்டு அரசியல் சாசனம் குற்றம் சாட்டும் அதிகாரத்தைப் பிரதிநிதிகள் சபைக்கு மட்டும் கொடுத்திருக்கிறது. விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தைச் செனட் சபைக்கு மட்டும் கொடுத்திருக்கிறது. ஜனாதிபதியே குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி அந்த விசாரணைக்குத் தலைமை வகிப்பார். வந்திருக்கும் செனட்டர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ‘குற்றவாளி’ என்று சொன்னால்தான் பதவி போகும்.

இதுவரை மூன்று ஜனாதிபதிகள் மீது நான்கு முறை குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது. 1868ல் ஆண்ட்ரூ ஜான்சன், 1998ல் பில் கிளிண்டன், 2019லும் 2021லும் டொனால்ட் டிரம்ப். நான்கு முறையும் செனட்டில் விடுதலைதான் கிடைத்தது. 1974ல் ரிச்சர்ட் நிக்சன், சபை ஓட்டெடுப்புக்கு வருமுன்பே தாமாக ராஜினாமா செய்துவிட்டார். இந்த ஐந்து நிகழ்ச்சிகளில் ஒன்றுகூட ஒரு மாநில சட்டசபையின் தீர்மானத்தால் தொடங்கியது அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரசியல் சாசனம் ‘மட்டும்’ என்று சொல்லியிருப்பது வெறும் அலங்காரச் சொல் அல்ல. 1993ல் வால்ட்டர் நிக்சன் என்ற நீதிபதி (ஜனாதிபதி நிக்சன் அல்ல, இவர் வேறு) தம்மைச் செனட் நீக்கிய முறை சரியில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். விசாரிக்கும் அதிகாரம் செனட்டுக்கு மட்டுமே உரியது, அதில் நாங்கள் தலையிட முடியாது என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. உச்ச நீதிமன்றமே நுழைய முடியாத அறைக்குள் மாநில சட்டசபை எப்படி நுழைய முடியும்?

1787லேயே எழுந்த யோசனை

‘மாநிலங்களை மறந்துவிட்டார்களா?’ என்று கேட்கத் தோன்றும். மறக்கவில்லை. யோசித்து, விவாதித்து, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

1787ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் அமெரிக்க அரசியல் சாசனத்தை உருவாக்கிய மாநாடு கூடியது. ஜூன் 2ஆம் தேதி டெலாவேர் மாநிலத்தின் ஜான் டிக்கின்சன் எழுந்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மாநில சட்டசபைகளில் பெரும்பான்மையானவை கேட்டுக்கொண்டால், நாட்டின் சட்டமன்றம் ஆட்சித் தலைவரை நீக்கலாம் என்பதுதான் அது. நம் இளைஞர் தேநீர்க் கோப்பையோடு கேட்டாரே, அதே யோசனை!

அதை ஜேம்ஸ் மேடிசனும் ஜேம்ஸ் வில்சனும் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு. சின்ன மாநிலத்துக்கும் பெரிய மாநிலத்துக்கும் ஒரே எடை என்றால், மக்கள் தொகையில் சிறுபான்மையாக இருக்கும் மாநிலங்கள் சேர்ந்துகொண்டு, மக்களில் பெரும்பான்மையோர் குற்றவாளியாகக் கருதும் ஒருவரைக் காப்பாற்றிவிட முடியும். இது முதல் காரணம். ஆட்சித் தலைவர் நேர்மையாக நடந்து, அதனாலேயே சில மாநிலங்களின் வெறுப்பைச் சம்பாதித்தால், அங்கெல்லாம் அவருக்கு எதிராகச் சூழ்ச்சி செய்ய அது வழி திறந்துவிடும். இது இரண்டாவது காரணம்.

ஓட்டெடுப்பு நடந்தது. டெலாவேரைத் தவிர வேறு எந்த மாநிலமும் ஆதரிக்கவில்லை. சில நாட்கள் கழித்து நியூ ஜெர்சி மாநிலத்தார் கொண்டுவந்த திட்டத்தில், பெரும்பான்மை மாநிலங்களின் ஆட்சித் தலைவர்கள் விண்ணப்பித்தால் காங்கிரஸ் நீக்கலாம் என்று வேறு வடிவில் இந்த யோசனை மீண்டும் தலைகாட்டியது. அதுவும் நிற்கவில்லை.

மேடிசன் சொன்ன இரண்டாவது காரணத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

பழைய கையேட்டில் ஒரு வரி

அப்படியானால் மாநில சட்டசபைக்கு எந்த வேலையும் இல்லையா? இருக்கிறது. தாமஸ் ஜெபர்சன் துணை ஜனாதிபதியாக இருந்து செனட்டுக்குத் தலைமை வகித்த காலத்தில், சபை நடைமுறைகளைத் தொகுத்து ஒரு கையேடு எழுதினார். 1801ல் அது வெளியானது. பிரதிநிதிகள் சபை இன்றைக்கும் அதைத் தன் விதிகளோடு சேர்த்துப் பயன்படுத்துகிறது. அந்தக் கையேட்டுக்குப் பின்னாளில் சபை அலுவலர்கள் எழுதிய குறிப்புகளில், ஒரு குற்றச்சாட்டு நடவடிக்கை எப்படியெல்லாம் தொடங்கியிருக்கிறது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சபை உறுப்பினர் எழுந்து குற்றம் சாட்டலாம். பொதுமக்கள் மனு அனுப்பலாம். ஜனாதிபதியே செய்தி அனுப்பலாம். விசாரணைக் குழு கண்டுபிடித்துச் சொல்லலாம். இவற்றோடு, ஒரு மாநிலத்தின் சட்டசபையிலிருந்தும் குற்றச்சாட்டு வரலாம் என்று அதில் இருக்கிறது.

இந்த வரி வானத்திலிருந்து விழுந்தது அல்ல. பழைய சம்பவங்களிலிருந்து எடுத்தது. 1808ல் கெண்டக்கி மாநில சட்டசபை, ஹாரி இன்னஸ் என்ற மத்திய நீதிபதி மீது விசாரணை வேண்டும் என்று தீர்மானம் அனுப்பியது. சபைக் குழு பார்த்தது. குற்றம் சாட்ட ஆதாரம் போதாது என்று முடித்துவிட்டது. இன்னஸ் 1816ல் இறக்கும்வரை நீதிபதியாகவே இருந்தார்.

இன்னொரு சம்பவம் இதைவிட முக்கியமானது. 1903ல் புளோரிடா மாநில சட்டசபை, சார்லஸ் ஸ்வெய்ன் என்ற மத்திய நீதிபதிக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதை நிறைவேற்றி வாஷிங்டனுக்குத் தபாலில் போட்டுவிட்டு அவர்கள் உறங்கிவிடவில்லை. அந்த மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போயிருந்த வில்லியம் லமார் அதே ஆண்டு டிசம்பரில் சபையில் எழுந்து, தம் மாநிலத் தீர்மானத்தை முன்வைத்து விசாரணை கேட்டார். பயணப்படி கணக்கில் முறைகேடு, தன் எல்லைக்குள் குடியிருக்கவில்லை என்பது போன்ற குற்றச்சாட்டுகள் விசாரிக்கப்பட்டன. 1904 டிசம்பரில் சபை அவர் மீது குற்றம் சாட்டியது. 1905 பிப்ரவரியில் செனட் அவரை விடுவித்துவிட்டது என்பது வேறு விஷயம். ஆனால் தட்டியது மாநிலம். கதவு திறந்தது உண்மை.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? புளோரிடாவின் காகிதத்தோடு சபைக்குள் ஓர் ஆள் இருந்தார். சபை விதிப்படி, உறுப்பினர் எழுந்து எழுப்பும் குற்றச்சாட்டுக்கு முன்னுரிமை உண்டு. வெளியிலிருந்து வரும் தீர்மானமோ மனுவாகப் பதிவாகி, குழுவுக்குப் போய்ச் சேரும். அங்கே அதைக் கையில் எடுப்பவர் இல்லாவிட்டால் அங்கேயே கிடக்கும்.

வெர்மாண்ட் சொல்லும் பாடம்

இராக் போர் நடந்த காலம். ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் மீது அமெரிக்க மக்களில் பலர் கோபமாக இருந்தார்கள். அப்போது சிலர் அந்தப் பழைய கையேட்டின் வரியைக் கண்டெடுத்தார்கள். ஜெபர்சனே வழி காட்டியிருக்கிறார், மாநிலங்கள் தீர்மானம் போட்டால் காங்கிரஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று உற்சாகம் கிளம்பியது. 2006லும் 2007லும் இல்லினாய், கலிபோர்னியா, நியூ மெக்சிகோ, வாஷிங்டன் மாநிலங்களின் சட்டசபைகளில் தீர்மானங்கள் கொண்டுவரப்பட்டன. எதுவும் நிறைவேறவில்லை.

வெர்மாண்ட் மட்டும் ஒரு படி மேலே போனது. மிகச் சிறிய மாநிலம். 2007 மார்ச்சில் அங்கே 30க்கும் மேற்பட்ட ஊர்களில் மக்கள் ஊர்க்கூட்டம் கூட்டி, புஷ் மீது குற்றம் சாட்ட வேண்டும் என்று கை தூக்கினார்கள். ஏப்ரல் 20ஆம் தேதி அம்மாநிலச் செனட் 16க்கு 9 என்ற ஓட்டில் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஐந்து நாள் கழித்து அதே மாநிலத்தின் கீழ்ச்சபை 87க்கு 60 என்ற ஓட்டில் அதைத் தோற்கடித்தது.

சரி, கீழ்ச்சபையும் ஏற்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? வாஷிங்டனில் 2006 தேர்தலில் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிதான் வென்றிருந்தது. ஆனால் அக்கட்சித் தலைவி நான்சி பெலோசி, குற்றச்சாட்டு நடவடிக்கைக்கு இடமில்லை என்று தேர்தல் முடிந்த கையோடு சொல்லிவிட்டார். 2008 ஜூனில் டென்னிஸ் குசினிச் என்ற உறுப்பினர் 35 குற்றச்சாட்டுகளைச் சபையில் வைத்தபோது, சபை அவற்றைக் குழுவுக்கு அனுப்பியது. அவை திரும்பி வரவில்லை. புஷ் 2009 ஜனவரியில் தம் காலம் முடிந்துதான் போனார்.

அந்த ஊர்க்கூட்டங்களில் கை தூக்கிய முதியவர்களையும் தாய்மார்களையும் நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் தங்கள் மனசாட்சியைப் பதிவு செய்தார்கள். ஆனால் ‘தீர்மானம் போட்டால் காங்கிரஸ் எடுத்தே ஆக வேண்டும்’ என்று அவர்களிடம் சொன்னவர்கள் இல்லாத ஒன்றைச் சொன்னார்கள். கையேட்டில் இருந்தது, ‘இப்படியும் தொடங்கியிருக்கிறது’ என்ற தகவல். ‘தொடங்கியே தீர வேண்டும்’ என்ற கட்டளை அல்ல. நல்ல நோக்கத்துக்காகச் சொன்னாலும் பொய்யான நம்பிக்கை கடைசியில் மக்களைச் சோர்வடையச் செய்துவிடும்.

தேர்ந்தெடுத்தவர் கை ஓங்கியிருந்த காலம்

அமெரிக்க மாநில சட்டசபைகளின் சொல்லுக்கு வாஷிங்டன் நடுங்கிய காலமும் இருந்தது. ஏன் தெரியுமா? அப்போது செனட்டர்களை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாநில சட்டசபைகள்தான் தேர்ந்தெடுத்தன.

1834ல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் மீது செனட் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது. இது குற்றச்சாட்டு நடவடிக்கை அல்ல, வெறும் கண்டனம்தான். ஆனாலும் அதைப் பதிவேட்டிலிருந்தே அழிக்க வேண்டும் என்று ஜாக்சனின் ஆட்கள் மாநிலந்தோறும் பாடுபட்டார்கள். சட்டசபைகள் தங்கள் செனட்டர்களுக்கு ‘அழிக்க ஓட்டுப் போடு’ என்று உத்தரவு அனுப்பின. வர்ஜீனியா சட்டசபையும் அனுப்பியது. அந்த மாநிலச் செனட்டர் ஜான் டைலர், மனசாட்சிப்படி அதைச் செய்ய மாட்டேன், அதே நேரம் என்னை அனுப்பிய சபையை மீறி நாற்காலியில் உட்காரவும் மாட்டேன் என்று 1836 பிப்ரவரியில் ராஜினாமா செய்தார். 1837 ஜனவரியில் கண்டனம் அழிக்கப்பட்டது. பின்னாளில் அதே டைலர் ஜனாதிபதியானார். 1843ல் அவர் மீதே குற்றச்சாட்டுத் தீர்மானம் வந்து, 127க்கு 83 என்ற ஓட்டில் தோற்றது. காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்!

1868ல் ஜனாதிபதி ஜான்சன் ஒரே ஓட்டில் தப்பினார். 35 பேர் குற்றவாளி என்றார்கள், 19 பேர் இல்லை என்றார்கள், 36 வேண்டியிருந்தது. தம் கட்சியை மீறி விடுதலைக்கு ஓட்டளித்தவர்களில் ஒருவர் கான்சாஸ் மாநிலத்தின் எட்மண்ட் ராஸ். அவருடைய காலம் 1871ல் முடிந்தபோது கான்சாஸ் சட்டசபை அவரை மீண்டும் தேர்ந்தெடுக்கவில்லை. அன்றைய செனட்டர் ஒவ்வொருவரும் தம் மாநில சட்டசபையின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டளிக்க வேண்டியிருந்தது.

1913ல் 17ஆவது திருத்தம் வந்து, செனட்டர்களை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கும் முறை அமலானது. அதோடு சட்டசபைகளின் கையிலிருந்த கயிறு அறுந்தது. இன்றைக்கு மிச்சமிருப்பது மறைமுகச் செல்வாக்கு. பல மாநிலங்களில் பிரதிநிதிகள் சபைத் தொகுதிகளுக்கு எல்லை வகுப்பது சட்டசபைதான். யார் வெல்லும் தொகுதி எது என்பதை அந்தக் கோடுகள் பெரிதும் தீர்மானிக்கின்றன. நூறு தீர்மானங்களைவிட அந்தக் கோடு வலிமையானது.

அதே வாய், வேறு பேச்சு

மேடிசனின் இரண்டாவது காரணத்தைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? இப்போது அதைப் பார்ப்போம்.

கறுப்பினக் குழந்தைகளையும் வெள்ளைக் குழந்தைகளையும் தனித்தனிப் பள்ளியில் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று 1954ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தென் மாநிலங்கள் கொதித்தெழுந்தன. 1957ல் ஜார்ஜியா மாநில சட்டசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஆறு பேர் மீது குற்றச்சாட்டு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று காங்கிரசைக் கேட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைவதற்காக ஜனாதிபதி ஐசனோவர் ராணுவத்தையே அனுப்பினார்.

சிந்தித்துப் பாருங்கள், சகோதரர்களே! மாநில சட்டசபைகளின் தீர்மானத்துக்கு நீக்கும் வலிமை இருந்திருந்தால், அந்த நீதிபதிகளின் கதி என்ன? ஒரு ஜனாதிபதி ஒன்பது பிள்ளைகளுக்காகப் படை அனுப்பத் துணிந்திருப்பாரா? நேர்மையாக நடந்ததற்காகவே சில மாநிலங்களின் வெறுப்பைச் சம்பாதிக்கும் ஆட்சியாளரைப் பற்றி மேடிசன் 170 ஆண்டுகளுக்கு முன்பு பேசினாரே, அது இதுதான்.

வெர்மாண்ட் பேசியதும் மாநிலத்தின் குரல்தான். ஜார்ஜியா பேசியதும் மாநிலத்தின் குரல்தான். நமக்குப் பிடித்த குரலுக்கு மட்டும் வலிமை கொடுக்கும் சட்டத்தை யாராலும் எழுத முடியாது. எண்ணிக்கையில் குறைந்தவர்கள், ஓரத்தில் வாழ்பவர்கள், இதை மற்றவர்களைவிட நன்றாக உணர வேண்டும். இன்றைய கோபத்துக்காக நாம் கேட்கும் ஆயுதம் நாளைக்கு யார் கையில் இருக்கும் என்று ஒரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும்.

பாகிஸ்தானில் நடந்தது

அப்படியானால் மாநிலங்களின் குரல் எங்குமே பலித்ததில்லையா? பலித்திருக்கிறது. அண்டை நாட்டிலேயே பலித்திருக்கிறது.

பாகிஸ்தான் அரசியல் சாசனத்தின் 47ஆவது பிரிவுப்படி, ஜனாதிபதியை நீக்குவது பாராளுமன்ற இரு சபைகளின் கூட்டுக் கூட்டம். மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். மாகாண சபைகளுக்கு அதில் ஓட்டு இல்லை. ஆனால் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு மாகாண சபைகளும் ஓட்டளிக்கின்றன. நம் நாட்டைப் போலத்தான்.

2007 அக்டோபரில், காலம் முடியப் போகும் சபைகளின் ஓட்டை வாங்கி பர்வேஸ் முஷர்ரப் மீண்டும் ஜனாதிபதியானார். நவம்பரில் நெருக்கடி நிலையை அறிவித்து நீதிபதிகளை அகற்றினார். 2008 பிப்ரவரியில் பொதுத்தேர்தல் நடந்து புதிய சபைகள் வந்தன. ஆகஸ்ட் 7ஆம் தேதி ஆசிப் அலி சர்தாரியும் நவாஸ் ஷெரீபும், அவர் மீது நடவடிக்கை எடுக்கப் போவதாகக் கூட்டாக அறிவித்தார்கள்.

அடுத்து என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நேராகப் பாராளுமன்றத்துக்குப் போகவில்லை. முதலில் மாகாண சபைகளைக் கூட்டினார்கள். நம்பிக்கை ஓட்டுக் கேள், இல்லையேல் விலகு என்று சபைகள் தீர்மானம் போட்டன. ஆகஸ்ட் 11ல் பஞ்சாப் சபை 321க்கு 25. ஆகஸ்ட் 12ல் வடமேற்கு எல்லைப்புற மாகாணம், அதாவது இன்றைய கைபர் பக்துன்க்வா, 107க்கு 4. 13ல் சிந்து. 15ல் பலுசிஸ்தான். நான்கு மாகாணங்களும் பேசி முடித்துவிட்டன. ஆகஸ்ட் 18ஆம் தேதி முஷர்ரப் தொலைக்காட்சியில் தோன்றி ராஜினாமாவை அறிவித்தார். பாராளுமன்றம் ஓட்டெடுப்பு நடத்த வேண்டிய அவசியமே வரவில்லை.

தீர்மானங்களால்தான் அவர் போனார் என்று சொன்னால் அது மிகை. பாராளுமன்றத்தில் எண்ணிக்கை அவருக்கு எதிராகத் திரண்டுகொண்டிருந்தது. 2007 நவம்பரிலேயே அவர் ராணுவத் தளபதி பதவியை விட்டிருந்தார். ராணுவமும் அவருக்காகக் களத்தில் இறங்கவில்லை. ஆனால் அந்தத் தீர்மானங்கள் ஒரு வேலையைச் செய்தன. ‘என்னைத் தேர்ந்தெடுத்த சபைகள் என்னோடு இருக்கின்றன’ என்று அவர் சொல்லிக்கொள்ள இருந்த கடைசி வாதத்தையும் பறித்துவிட்டன.

வெர்மாண்டில் தீர்மானம் இருந்தது, வாஷிங்டனில் ஓட்டு இல்லை. பாகிஸ்தானில் தீர்மானமும் இருந்தது, ஓட்டும் பின்னால் நின்றது. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள் நம் பெரியவர்கள். அரசியலிலும் அதுதான் கணக்கு.

நம் நாட்டின் நிலை

இப்போது அந்த இளைஞரின் கேள்விக்கு வருகிறேன்.

நம் அரசியல் சாசனத்தின் 54ஆவது பிரிவு, ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.எல்.ஏ.க்களுக்கும் கொடுக்கிறது. மொத்த ஓட்டு மதிப்பில் ஏறத்தாழ பாதி எம்.எல்.ஏ.க்களுடையது. 2022 தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. நம் 234 பேருக்கும் சேர்த்து 41,184.

ஆனால் நீக்குவதைச் சொல்லும் 61ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மாநில சட்டசபை என்ற பேச்சே அங்கு இல்லை. அரசியல் சாசனத்தை மீறியது என்பது ஒன்றே காரணமாக இருக்க முடியும். இரு சபைகளில் ஏதாவது ஒன்று குற்றம் சாட்டும். மொத்த உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டு 14 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். பிறகு மறுசபை விசாரித்து, அங்கும் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்க வேண்டும். மக்களவையின் 543 இடங்களில் 362, மாநிலங்களவையின் 245 இடங்களில் 164. இதுவரை எந்த ஜனாதிபதி மீதும் இந்த நடவடிக்கை எடுக்கப்பட்டதில்லை.

இதில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. மாநிலங்களவையின் 12 நியமன உறுப்பினர்களுக்கு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க ஓட்டில்லை. ஆனால் நீக்கும் ஓட்டெடுப்பில் அவர்களுக்கு ஓட்டுண்டு. நாடெங்கும் உள்ள 4,000க்கும் மேற்பட்ட எம்.எல்.ஏ.க்களுக்குத் தேர்ந்தெடுக்க ஓட்டுண்டு, நீக்க ஓட்டில்லை!

இதைக் கேட்டதும் அந்த இளைஞரின் முகம் வாடியது. அவரிடம் ஒன்று கேட்டேன். “தம்பி, மாநிலங்களவை உறுப்பினர்களை அனுப்புவது யார்?” அவர் கண்கள் விரிந்தன. ஆம், எம்.எல்.ஏ.க்கள்தான்! அமெரிக்கா 1913ல் கைவிட்ட முறை, சட்டசபை மேலவையைத் தேர்ந்தெடுக்கும் முறை, நம் நாட்டில் இன்றும் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து 18 பேர் போகிறார்கள். ஜனாதிபதி மீது குற்றம் சாட்டவோ, சாட்டப்பட்ட குற்றத்தை விசாரிக்கவோ மாநிலங்களவை இல்லாமல் முடியாது. ஆக, சட்டசபைக்கு இதில் நேரடி ஓட்டு இல்லை. ஆனால் ஓட்டுப் போடப் போகிறவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் உரிமை இருக்கிறது.

அந்த உரிமையை நாம் எப்படிப் பார்க்கிறோம்? மாநிலங்களவைத் தேர்தல் வந்தால், எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்ற கணக்கோடு பத்திரிகைச் செய்தி முடிந்துவிடுகிறது. போகிறவர் அரசியல் சாசனம் அறிந்தவரா, நெருக்கடியான நாளில் நிமிர்ந்து நிற்பவரா என்று எத்தனை பேர் கேட்கிறோம்? வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறோம்.

முடிவாக

சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

ஒரு மாநில சட்டசபை ஜனாதிபதியை நீக்க முடியாது. அது அமெரிக்காவுக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும். அப்படி இருப்பது நல்லதும்கூட, ஜார்ஜியாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சட்டசபை பேசலாம். அந்தப் பேச்சுக்கு எடை கிடைக்க வேண்டுமானால், ஆதாரம் உள்ள குற்றச்சாட்டு வேண்டும். அதைச் சபைக்குள் கொண்டுபோய் எழுப்பும் ஓர் உறுப்பினர் வேண்டும். அவருக்குப் பின்னால் ஓட்டுகள் வேண்டும். முதல் இரண்டும் இருந்த புளோரிடாவுக்குக் கதவு திறந்தது. மூன்றாவது இல்லாததால் தீர்ப்பு கிடைக்கவில்லை. ஓட்டுகள் பின்னால் நின்ற பாகிஸ்தானில் ஜனாதிபதியே எழுந்து போய்விட்டார்.

நாமும் நம் ஊர்களில் தீர்மானங்கள் போடுகிறோம். மாநாடு கூட்டுகிறோம். கை தட்டுகிறோம். தீர்மானப் புத்தகத்தை மூடி வைக்கிறோம். இனி ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் ஒரு கேள்வியை எழுதி வையுங்கள்: ‘இதை எந்தச் சபையில், எந்த உறுப்பினர், எத்தனை ஓட்டோடு எழுப்பப் போகிறார்?’ அதற்கு விடை இருந்தால் அந்தத் தீர்மானம் செயலாகும். விடை இல்லையென்றால் அந்த விடையைத் தேடுவதே நம் முதல் வேலை.

தேநீர் ஆறிப்போனாலும் கேள்வியைக் கேட்காமல் விடாத அந்தத் தம்பிக்கு என் நன்றி.